வயிறு பெருத்த மட்டக்குதிரை... சினையா, கொழுப்பா?

ஈரோடு மாவட்டம், அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டி நடக்கும் சந்தைக்கு, மாடுகளோடு குதிரைகளும் விற்பனைக்கு வரும். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று அங்கிருந்து ஒரு மட்டக்குதிரையை ஓட்டி வருகிறவர்களும் உண்டு. கொடைக்கானல் மலையில் சுமை தூக்கவும், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லவும் குதிரை வளர்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இப்படி வாங்கி வந்த பெண் குதிரையின் வயிறு, சில மாதங்களில் பீப்பாய் போலப் பெருத்துவிட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

‘சினைதான், கொள்ளை நல்லா வேகவெச்சுப் போடு’ என்பார் ஒருவர். ‘வெறும் கொழுப்பு, நாலு நாள் தீனியைக் குறைச்சா சரியாயிடும்’ என்பார் இன்னொருவர். ஆள் மாறிப் போனால் இந்த இரண்டு யோசனையுமே குதிரையின் உயிருக்கு ஆபத்தாக முடியும். அதனால், சினையா இல்லையா என்று உறுதியாகத் தெரிந்துகொண்ட பிறகே தீவனத்தில் கை வைக்க வேண்டும்.

வயிற்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்

குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதங்கள். 320 நாளில் ஈனுவதும் உண்டு. 365 நாள் வரை போவதும் உண்டு. வயிற்றில் இருக்கும் குட்டி வேகமாக வளர்வது கடைசி மூன்று மாதங்களில்தான். ஆகவே, மூன்றாவது, நான்காவது மாதத்திலேயே வயிறு தள்ளித் தெரிந்தால், அதற்குக் காரணம் குட்டி அல்ல, தீனிதான். அதேபோல, வயிறு ஒட்டி இருக்கிறது என்பதற்காகச் சினை இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. முதல் ஈற்றுக் குதிரைகளில் எட்டு மாதம் வரைகூட வெளியே எதுவும் தெரியாமல் இருக்கலாம்.

மட்டக்குதிரையின் உடல்வாகும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். குறைந்த மேய்ச்சலிலும் பிழைத்துக்கொள்ளும் இனம் என்பதால், கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தாலும் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். 34 அங்குலத்துக்கு மேல் உயரம் போகாத ‘மினியேச்சர்’ குதிரைகளுக்கும் இதே குணம்தான்.

முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது நாட்களை. ஒரு வருடத்துக்கு மேலாக ஆண் குதிரையின் வாடையே இல்லாமல் தனியாக வளர்ந்த குதிரை என்றால், சினைக்கு வாய்ப்பில்லை. சந்தையில் வாங்கியது என்றால், வாங்கிய நாளிலிருந்து 12 மாதங்கள் முடியும் வரை சந்தேகத்தை விடக் கூடாது. விற்றவர் சொன்ன வார்த்தையை மட்டும் நம்பவும் முடியாது. ‘கூட இருந்தது சின்னக் குட்டிதானே’ என்றும் அலட்சியமாக இருக்கக் கூடாது. ஒன்றரை வயது ஆண் குட்டியும் சினைப்படுத்திவிடும். ஈன்ற குதிரை ஏழு முதல் பத்து நாளிலேயே மறுபடி பருவத்துக்கு வரும் என்பதால், குட்டியோடு வாங்கிய தாய்க் குதிரையும் மறு சினையாக இருக்கலாம்.

கையால் தடவினால் தெரியும் கொழுப்பு

குதிரையின் உடல் எடை நிலையை 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டுக் கணிக்கும் முறையை, அமெரிக்காவின் டெக்சாஸில் டான் ஹென்னகி 1983-ல் வெளியிட்டார். 1 என்றால் எலும்பும் தோலும். 9 என்றால் மிகக் கொழுத்தது. 5 நல்ல நிலை. 7-க்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். இந்த முறையில் வயிற்றைப் பார்ப்பதில்லை. கொழுப்பு தங்கும் ஆறு இடங்களைக் கையால் தடவிப் பார்க்கிறார்கள். கழுத்தின் மேல்பகுதி, முன்தோள் திமில், தோளுக்குப் பின்புறம், விலா, இடுப்பு முதுகு, வால் தொடங்கும் இடம் ஆகியவையே அவை.

கொழுத்த குதிரை: பிடரி மயிருக்குக் கீழே கழுத்து மேடு தடித்து, கெட்டியாக இருக்கும். விலாவை அழுத்தினாலும் எலும்பு கைக்குச் சிக்காது. முதுகின் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். வால் அடியில் மெத்தை போலக் கொழுப்பு இருக்கும்.

தீனி வயிறு, புழு வயிறு: வயிறு மட்டும் தொங்கும்; முதுகெலும்பும் விலாவும் துருத்திக்கொண்டு தெரியும். சத்தில்லாத வைக்கோலையும் முற்றிய தட்டையையும் மட்டுமே தின்னும் குதிரைக்கும், குடற்புழு அதிகமுள்ள குதிரைக்கும் இப்படி ஆகும். சாணத்தைப் பரிசோதித்தால் புழு இருப்பது தெரிந்துவிடும்.

சினைக் குதிரை: கடைசி மாதங்களில் வயிறு பக்கவாட்டில் விரிவதைவிடக் கீழ்நோக்கி இறங்கும். பின்னால் நின்று பார்த்தால், ஒருநாள் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுநாள் அடுத்த பக்கம் கூடுதலாகவும் தெரியும். குளிர்ந்த தண்ணீர் குடித்த பிறகு அமைதியாக நிற்கும்போது, அடிவயிற்றுப் பக்கத்தில் குட்டி உதைப்பதைச் சில சமயம் பார்க்கலாம்.

ஆனால், கொழுத்த குதிரையே சினையாகவும் இருக்கலாம். அதனால் கழுத்தில் கொழுப்பு இருக்கிறது என்பது சினை இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. ஆண் குதிரையை அண்டவிடாமல் உதைக்கிறது என்பதும் சினைக்குச் சாட்சி ஆகாது.

உறுதி செய்யும் பரிசோதனைகள்

ஸ்கேன்: ஆசனவாய் வழியாகச் செய்யும் ஸ்கேனில், இணை சேர்ந்த 14 முதல் 16 நாட்களிலேயே கரு தெரியும். இரட்டைக் கருவா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். குதிரைக்கு இரட்டைக் கரு பெரும்பாலும் கருச்சிதைவில்தான் முடியும். மாட்டுக்குச் செய்வதைப்போல மருத்துவர் கையை உள்ளே விட்டுப் பார்க்கும் முறை, மிகச் சிறிய குதிரைகளுக்கு ஒத்துவராது. குடல் கிழிந்துவிடும் அபாயம் உண்டு. அவற்றுக்குச் சினை வளர்ந்த பிறகு, வயிற்றின் வெளிப்புறத்திலிருந்தே ஸ்கேன் செய்யலாம்.

ரத்தப் பரிசோதனை: 40 முதல் 120 நாட்களுக்குள் ‘ஈ.சி.ஜி’ என்ற ஹார்மோன் ரத்தத்தில் தெரியும். இது இதயத்துக்கு எடுக்கும் ஈ.சி.ஜி அல்ல. கரு கலைந்த பிறகும் சில வாரங்களுக்கு இந்த ஹார்மோன் இருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நான்கு மாதத்துக்குப் பிறகு ‘ஈஸ்ட்ரோன் சல்பேட்’ பரிசோதனை செய்யலாம். குட்டி உயிரோடு இருப்பதையும் இது காட்டிக்கொடுக்கும்.

அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டினால், எங்கே பரிசோதிக்கலாம் என்று மருத்துவர் வழிசொல்வார். சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

பட்டினி போட்டால் என்ன ஆகும்?

மட்டக்குதிரை, மினியேச்சர் குதிரை, கழுதை ஆகிய மூன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு. திடீரென்று தீனி நின்றால், உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்கிவிடும். ‘ஹைப்பர்லிபீமியா’ என்ற இந்த நோயில் கல்லீரல் கெட்டு, குதிரை இறந்துபோகும். கொழுத்த குதிரைக்கு இந்த ஆபத்து அதிகம். அது சினையாகவும் இருந்துவிட்டால் இன்னும் அதிகம். ‘எடையைக் குறைக்கிறேன்’ என்று நாலு நாள் பட்டினி போடுவது தாயையும் குட்டியையும் சேர்த்தே பலிவாங்கக்கூடும். குதிரை ஒரு நாள் தீனி எடுக்காமல் சோர்ந்து நின்றாலே மருத்துவரை அழைக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. சினை என்று நினைத்து, வெறுமனே கொழுத்திருக்கும் குதிரைக்குக் கொள்ளும் தவிடும் தானியமும் கொட்டினால், ‘லாமினைட்டிஸ்’ என்ற குளம்பு நோய் வரும். குளம்பு சூடாகும், முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பின்னங்கால்களில் பாரத்தைப் போட்டு நிற்கும், நடக்கவே மறுக்கும். நோய் முற்றினால் நிரந்தரமாக நொண்டியாகிவிடும்.

சினை இல்லை என்று உறுதியானால், தானியத்தை நிறுத்திவிட்டு, உடல் எடையில் 1.5 சதவிகிதம் அளவுக்கு உலர் புல் கொடுத்து, தினமும் நடக்கவிட்டு, மெதுவாக எடையைக் குறைக்கலாம். எடையை டேப்பால் கணிக்கலாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையிலான நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 125, நீளம் 120 என்றால் எடை சுமார் 158 கிலோ. அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் 2.4 கிலோ உலர் புல் போதும். இந்தக் கணக்கில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றாலும், வாரா வாரம் அளந்து எழுதி வைத்தால் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது தெரியும்.

சினை உறுதியானால், கடைசி மூன்று மாதங்களில் பசும்புல்லையும் சத்தான அடர்தீவனத்தையும் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் கூட்டலாம். சுமை ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும். ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பு டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும்.

ஈனும் நேரம்

கடைசி மாதத்தில் மடி இறங்கும். ஈனுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு காம்பு நுனியில் மெழுகு போலத் துளி நிற்கும். சில குதிரைகளில் இது தெரியாமலும் போகும். வால் அடிச் சதை தளர்ந்துவிடும். பெரும்பாலும் இரவில்தான் ஈனும். சிறிய குதிரைகளுக்குப் பிரசவச் சிக்கல் அதிகம் என்பதால் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பனிக்குடம் உடைந்து 20 முதல் 30 நிமிடங்களுக்குள் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். வெள்ளைச் சவ்வுக்குப் பதிலாக, வெல்வெட் துணி போலச் சிவப்பாக ஒரு பை முதலில் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கவும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்கவும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழவும் வேண்டும். இதில் எது தள்ளிப்போனாலும் காத்திருக்கக் கூடாது.