காற்றைக் கேட்டுக் கடலில் இறங்குக

சாரல் விழத் தொடங்கிய பிறகுதான் நாம் குற்றாலத்துக்கு மூட்டை கட்டுகிறோம். பங்குனி மாதத்தில் அங்கே போய் வறண்ட பாறையைப் பார்த்துவிட்டு, "அருவி எங்கே?" என்று கேட்பவரைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால், முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு ஸமுத்திரத்தின் அடியில் இறங்கிப் பார்க்க ஆசைப்படும் நம் இளைஞர்களில் பலர் செய்வது இதுவேதான். லீவு எப்போது, கட்டணம் எவ்வளவு என்ற இரண்டையும் விசாரித்ததும் பிரயாணச் சீட்டு வாங்கி விடுகிறார்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்பதை விசாரிப்பவர் அரியர். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பதற்கு மாலத்தீவைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது.

பன்னீராயிரம் தீவு

மாலத்தீவு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. முதல் ராஜராஜ சோழன் வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி கூறும் பன்னீராயிரம் பழந்தீவுகள் இவையே என்பது சரித்திராசிரியர் பலரின் துணிபு. நம் கடற்கரை ஊர்க்காரர்கள் அறிந்த மாசிக் கருவாடு இத்தீவுகளின் சரக்கு. பன்னீராயிரம் என்பது புலவர் கணக்கு. உண்மைக் கணக்கு சுமார் 1,200. வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல், பூமத்திய ரேகையையும் தாண்டி, இவை நீண்டு கிடக்கின்றன.

தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் இவை பெரிய பவழ வளையங்களின் மேல் அமர்ந்த மணல் திட்டுகளே. அத்தகைய வளையத்தை அந்நாட்டார் 'அதொளு' என்பர். ஆங்கிலேயர் அச்சொல்லைக் கடன் வாங்கி 'அட்டோல்' ஆக்கி உலகமெங்கும் பரப்பினர். பழைய எரிமலைத் தீவு மெல்ல மெல்ல அமிழ, அதன் விளிம்பில் இருந்த பவழம் மட்டும் மேலே மேலே வளர்ந்து வளையமாக நிற்கிறது என்று சார்லஸ் டார்வின் 1842-ல் விளக்கினார்.

வளையத்துக்கு நடுவே அமைதியான காயல். வெளியே அதலபாதாளமான ஸமுத்திரம். இரண்டையும் இணைப்பவை வளையத்தில் அங்கங்கே உள்ள வாய்க்கால்கள். இவற்றுக்குக் 'கண்டு' என்று பெயர். காயலுக்குள்ளே நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும் பவழக் குன்று 'திலா'. முத்துக் குளிப்போர் மூச்சடக்கி இறங்கினார்கள். இன்றைய ஸ்கூபாக்காரர்களோ, பிரான்ஸ் தேசத்துக் கூஸ்தோவும் காக்னானும் 1943-ல் உருவாக்கிய கருவியின் வழிவந்த சாதனத்தால், நீருக்கடியிலேயே மூச்சுவிட்டுக்கொண்டு இந்தக் கண்டுகளிலும் திலாக்களிலும் உலாவுகிறார்கள்.

இரண்டு காற்று, இரண்டு கரை

மாலத்தீவில் ருதுக்கள் இரண்டே. ஏறக்குறைய டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று; அதை 'இருவை' என்பர். மே மாதத்திலிருந்து நவம்பர் வரை தென்மேற்குக் காற்று, அது 'ஹுலங்கு'. முன்னதில் வானம் தெளிந்து கடல் அடங்கியிருக்கும். பின்னதில் மழையும் அலையும் உண்டு.

இவ்வளவும் எல்லாரும் அறிந்ததே. அறியாதது என்னவென்றால், காற்றோடு கடல் நீரோட்டமும் திசை மாறுகிறது என்பது. வடகிழக்குக் காற்றின் காலத்தில் நீரோட்டம் கிழக்கேயிருந்து வந்து, கீழைக் கண்டுகளின் வழியே புகுந்து, காயலைக் கடந்து மேற்கே வெளியேறுகிறது. நடுக்கடலின் நீர் ஸ்படிகம்போல் இருக்குமாதலால், அக்காலத்தில் கீழைக் கரையில் முப்பது மீட்டர் தூரம் வரை கண்ணுக்குத் தெரிவதுண்டு. அந்நீர் வெளியேறும் மேலைக் கரையிலோ கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் பெருகி, நீர் மங்கிவிடும். தென்மேற்குக் காற்று எழுந்ததும் எல்லாம் தலைகீழ்: மேற்கு தெளியும், கிழக்கு மங்கும்.

மங்கிய நீர் என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்த நுண்ணுயிர்களைத் தின்னத்தான் மாண்டா என்னும் பெருந்திருக்கைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. தெளிந்த நீரையும் திருக்கைக் கூட்டத்தையும் ஒரே இடத்தில் எதிர்பார்க்கிறவன் இரண்டில் ஒன்றில் ஏமாறுவான். எதை வேண்டுகிறோம் என்று முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

சுறாக்களைக் காண வேண்டுமானால், ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் வாவு போன்ற வட்டங்களின் கீழைக் கண்டுகளுக்குச் செல்லலாம். நீர் உள்ளே பாயும் நேரத்தில் சாம்பல் நிறச் சுறாக்கள் கண்டின் வாயிலில் காவல் நிற்பதுபோல் நிற்கும். 2010-ல் சுறா பிடிப்பதை அந்நாட்டு அரசாங்கம் அறவே தடை செய்ததால்தான் இக்காட்சி இன்றும் கிடைக்கிறது. அதே மாதங்களில் திருக்கை வேண்டுவோர் ஆரி வட்டத்தின் மேலைக் கரைக்குப் போக வேண்டும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை, பா வட்டத்தின் கிழக்குப் புறத்திலுள்ள ஹனிபாரு என்னும் சிறு குடாவில் நீரோட்டம் நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து குவிக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவெள்ள நாட்களில் அங்கே திருக்கைகள் திரள்வதைக் காணலாம். அக்குடாவில் ஸ்கூபாவுக்கு அனுமதியில்லை. மூச்சுக் குழலோடு மேலே மிதந்துதான் பார்க்க வேண்டும். நீந்த மட்டும் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன! திமிங்கிலச் சுறாவை மட்டும் ஆரி வட்டத்தின் தென்கோடியில் ஆண்டு முழுவதும் காணலாம்.

தேர்ச்சியும் அபாயமும்

இடத்தையும் மாதத்தையும்போலவே நம்முடைய தேர்ச்சியையும் எடைபோட வேண்டும். கண்டுகளில் நீரோட்டம் ஆற்று வெள்ளம்போல் இழுக்கும். வெளிநோக்கிப் பாயும் நேரத்தில் சிக்கினால் நடுக்கடலுக்கே கொண்டுபோய் விடும். புதிதாகப் பயின்றவர்கள் காயலுக்குள் உள்ள பவழத் திட்டுகளில் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் தொடங்குவதே விவேகம். அங்கும் அழகுக்குக் குறைவில்லை.

பத்து மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வாயுமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. முப்பது மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு. குப்பியிலுள்ள காற்றும் நான்கு மடங்கு விரைவில் செலவாகும். பொழுதுபோக்காக இறங்குவோர் அதற்குக் கீழே செல்லலாகாதென்று அந்நாட்டு விதி இருக்கிறது. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலே வந்தால் குமிழிகளாகி அங்கங்களை முடக்கிவிடும். கடைசியாக மூழ்கி எழுந்த பின் ஒரு முழு நாள் கழியாமல் விமானம் ஏறக் கூடாதென்பதும் இதனாலேயே. தீவு விட்டுத் தீவு செல்லும் கடல் விமானத்துக்கும் இவ்விதி பொருந்தும். ஆகவே புறப்படும் நாளைக் கணக்கிடும்போதே கடைசி நாளைக் கரைக்கென ஒதுக்கிவிட வேண்டும்.

எந்த விடுமுறை?

உல்லாச விடுதிகளின் செலவு நம் போன்ற குடும்பங்களுக்கு எட்டாது. சுமார் 2009-லிருந்து குடிமக்கள் வாழும் தீவுகளிலும் தங்கும் விடுதிகள் அனுமதிக்கப்பட்டிருப்பதால், இப்போது வழி பிறந்திருக்கிறது. அங்கே உடையிலும் ஒழுக்கத்திலும் இஸ்லாமிய சமூகத்தின் மரபுக்கு மதிப்பளிப்பது விருந்தினரின் கடமை.

நம் பிள்ளைகளின் நீண்ட விடுமுறை கோடையில் வருகிறது. மே மாதமோ காற்று மாறும் காலம். புயலும் மழையும் எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. டிசம்பர் விடுமுறையில் கடல் நன்றாயிருக்கும். கட்டணம் உச்சத்தில் இருக்கும். செப்டம்பர் முடிவில் வரும் காலாண்டு விடுமுறையை யாரும் நினைப்பதில்லை. செலவு குறைந்து, பா வட்டத்தில் திருக்கைகள் கூடும் பருவம் அது. மழைக்கு அஞ்சாத குடும்பத்துக்கு அதையே நாம் சிபாரிசு செய்வோம்.

ஏப்ரல், மே மாதங்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடல் நீர் மிகவும் சூடேறும் காலம் அது. வழக்கமான கோடை உஷ்ணத்துக்கு மேல் ஒரு டிகிரி ஏறிச் சில வாரங்கள் நீடித்தாலே, பவழப் பூச்சி தனக்கு உணவளிக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகிறது. சூடு தணியாவிட்டால் மடிகிறது. 1998-ல் மாலத்தீவின் பவழங்களில் பெரும்பகுதி இவ்வாறு மடிந்தது. 2016-லும் 2024-லும் மீண்டும் வெளுத்தது. பவழம் மடிந்தால் மீன் இல்லை. மணலை உண்டாக்கி, அலையைத் தடுத்து, தீவைக் காக்கும் அரணும் இல்லை. கடல் மட்டத்துக்குச் சில அடிகளே உயர்ந்த நாட்டுக்கு இது ஜீவ மரணப் பிரச்னை.

வெளுத்து வாடும் பவழத்தின்மேல் பயிற்சியற்ற கால்கள் படுவது நோயாளியின் கட்டிலை உதைப்பதற்கு ஒப்பாகும். வெப்பம் மிகுந்த ஆண்டாயின் பிரயாணத்தைத் தள்ளிப் போடுங்கள். எந்த ஆண்டாயினும், பவழத்தைத் தொடாமல் மிதக்கக் கற்ற பிறகே இறங்குங்கள். காற்று எது, கரை எது, நம் தேர்ச்சி எவ்வளவு, பவழம் நலமா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகு கட்டணத்தை விசாரிக்கலாம்.