கடைக்காலுக்கு வேண்டிய முதற்பணம்

நமது கிராமங்களில் ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோன சுவர்களை ஆங்காங்கே காண்கிறோம். கூரை இல்லை, கதவு இல்லை, உள்ளே ஆள் உயரத்துக்குச் சீமைக் கருவேல் வளர்ந்து நிற்கிறது. பக்கத்திலேயே, கீற்றும் தார்ப்பாயும் போட்ட சாய்ப்பு ஒன்றில் அந்தக் குடும்பம் வசிக்கிறது. பார்ப்பவர்கள், சர்க்கார் பணத்தை வாங்கித் தின்றுவிட்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நின்று விசாரித்தால் பல இடங்களில் கதை வேறாக இருக்கிறது. வேலையைத் தொடங்கியதே கடனில்தான். சர்க்கார் தவணை வந்ததும் அது கடன்காரரிடம் போயிற்று. அடுத்த நிலைக்குக் கையில் காசில்லை.

பட்டணத்தில் முதன்முதலாக வீடு வாங்குபவர், விலையில் ஒரு பகுதியைத் தம் கையிலிருந்து முன்பணமாகக் கட்டுகிறார். மீதிக்குத்தான் பாங்கு கடன் கொடுக்கிறது. ரூ. 30 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடன்களில்கூட, வீட்டின் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கொடுக்கலாகாது என்பது ரிசர்வ் பாங்கின் விதி. கிராமத்தில் சர்க்கார் உதவியுடன் சொந்த மனையில் வீடு கட்டும் ஏழைக்கு இத்தகைய முன்பணம் வேண்டியதில்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வேண்டித்தான் இருக்கிறது. அதற்கு ஒரு பெயர் இல்லை, அவ்வளவுதான்.

இவ்விஷயத்தில் சர்க்காரின் போக்கு காலப்போக்கில் பெரிதும் மாறியுள்ளது. 1957-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் தொடங்கிய கிராம வீடமைப்புத் திட்டம் கடன் திட்டமாகவே இருந்தது. மனையும் வருமானமும் உள்ளவரே அதனால் பயன் பெற முடியும். 1985-ம் ஆண்டில் வந்த இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் கடனுக்குப் பதில் மானியம் முக்கிய இடம் பெற்றது. 2016-ம் ஆண்டில் அது பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டமாக மாற்றியமைக்கப்பட்டு, சமவெளிப் பகுதிகளில் வீடு ஒன்றுக்கு ரூ. 1,20,000 என நிர்ணயிக்கப்பட்டது. நம் மாநிலம் கான்கிரீட் கூரைக்கென்று அதன் மேல் தனியாகப் பணம் சேர்த்து அளித்தது. 2024-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு ரூ. 3,50,000 என்றும், பரப்பு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை என்றும் வகுக்கப்பட்டது. தொகை வளர்ந்திருக்கிறது, ஐயமில்லை. ஆனால் தொகை எவ்வளவு என்பதைப் போலவே, அது எப்பொழுது வருகிறது என்பதும் முக்கியமானது.

கனவு இல்லம் திட்டத்தில் பணம் நான்கு நிலைகளில் பட்டுவாடா செய்யப்படும்படி அமைக்கப்பட்டது: அடித்தளம் முடிந்ததும் ஒன்று, ஜன்னல் மட்டம் வந்ததும் ஒன்று, கூரை போட்டதும் ஒன்று, வேலை முழுதும் முடிந்ததும் ஒன்று. பணி மேற்பார்வையாளர் வந்து பார்த்து, புகைப்படம் எடுத்துப் பதிவு செய்த பிறகே தவணை பாங்குக் கணக்கில் சேரும். பொதுப்பணம் வீணாகாதிருக்க இந்த ஏற்பாடு அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், கடைக்கால் தோண்டி, கருங்கல் இறக்கி, அடித்தளம் எழுப்பி, உள்ளே மண் கொட்டிக் கெட்டிப்படுத்தும் வரை ஒரு காசும் வராது என்பதே இதன் பொருள். சிமிண்டும் இரும்புக் கம்பியும் துறையின் மூலமே கிடைக்கும்போது சுமை சற்றுக் குறைகிறது. கல்லுக்கும் மணலுக்கும் வண்டிச் சத்தத்துக்கும் கொத்தனார் கூலிக்கும் கையில் ரொக்கம் வேண்டும். கொத்தனார் சனிக்கிழமை தோறும் கூலி கேட்பார்; தவணை வரட்டும் என்று அவரிடம் சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் வட்டிக்காரர் வருகிறார். வீட்டுக்கு உத்தரவு வந்த செய்தி அவர் காதுக்கு எட்டுகிற வேகத்தில் வேறு யார் காதுக்கும் எட்டுவதில்லை! உதாரணமாக, ஒருவர் அடித்தளத்துக்கென்று ரூ. 60,000 கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றால் மாதம் ரூ. 1,800 ஆகிறது. வீடு முடியப் பத்து மாதம் பிடித்தால் வட்டி மட்டும் ரூ. 18,000. இதே தொகையை நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் பெற்றால் ரூ. 6,000 தான் ஆகும். வித்தியாசம் ரூ. 12,000. கழிப்பறை கட்டுவதற்குத் தூய்மை பாரத இயக்கத்தில் அளிக்கப்பட்ட ஊக்கத் தொகையும் அதே ரூ. 12,000 தான் என்பதை நோக்கினால், ஒரு கையால் பெற்றது மறு கையால் போவது விளங்கும். கந்து வட்டியைத் தடுக்க 2003-ம் ஆண்டில் நம் மாநிலத்தில் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அவசரத்தில் கடன் வாங்குகிறவர், கொடுத்தவர் மீது புகார் எழுத முன்வருவது அரிது.

பஞ்சாயத்து கடன் கொடுக்கும் ஸ்தாபனம் அன்று. ஆயினும் அங்கத்தினர்கள் செய்யக்கூடியது நிறைய உண்டு. பயனாளிகளின் பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்படும்போது, பெயர் இருக்கிறதா இல்லையா என்பதோடு நம் கவனம் முடிந்துவிடுகிறது. அடித்தளத்துக்கு இவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியை அங்கேயே எழுப்ப வேண்டும். முதல் தவணை எப்பொழுது வரும் என்பது திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். பிரதம மந்திரி திட்டத்தின் 2016-ம் ஆண்டு நெறிமுறைகளில், உத்தரவு பிறந்தவுடனேயே முதல் தவணையை அனுப்ப வேண்டும் என்றிருந்தது. அன்றியும், விரும்பும் பயனாளிக்கு ரூ. 70,000 வரை பாங்குக் கடன் பெற உதவ வேண்டும் என்றும், குடும்பத்தாரின் சொந்த உழைப்புக்கு 90 நாள் கூலி வேலையுறுதித் திட்டத்தில் கிடைக்கலாம் என்றும் அதில் இடமிருந்தது. தம் ஊர்ப் பயனாளிக்குப் பொருந்தும் விதி எது, இப்பொழுது அது எந்த முறையில் அமலாகிறது என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்து, குடிசையைப் பிரிப்பதற்கு முன்பே அவருக்குச் சொல்லிவிடுவது அங்கத்தினரின் கடமையாகும்.

குடிசையைப் பிரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. உத்தரவு கைக்கு வந்த மறுநாளே பலர் கூரையைப் பிரித்துவிடுகிறார்கள். பழைய இடத்திலேயே கட்ட வேண்டியிருப்பதால் பிரிக்காமலும் முடியாது. ஆனால் பணம் தயாராகுமுன் பிரித்துவிட்டால், அன்றிலிருந்து அந்தக் குடும்பம் எந்த வட்டிக்கும் தலையாட்ட வேண்டியதாகிறது. பெண்மக்களும் குழந்தைகளும் மழையில் நிற்கையில் வட்டி விகிதத்தைப் பற்றிப் பேரம் பேச யாருக்கு மனம் வரும்?

மகளிர் சுய உதவிக் குழுக்களும், அவற்றின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளும் இவ்விடத்தில் பெருந்துணையாகக் கூடும். வீடு பெறும் குடும்பத்துப் பெண் ஏற்கெனவே ஒரு குழுவில் இருந்தால், அவளுடைய அடுத்த கடனை வீட்டு வேலை தொடங்கும் மாதத்துக்குப் பொருந்தும்படி ஒழுங்கு செய்யலாம். சிறிது நகை உள்ளவர்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக் கடன் பெறலாம். நகையை வைப்பது யாருக்கும் உவப்பானதன்று. மூன்று வட்டியைவிட மேல் என்பதே அதற்குரிய நியாயம். ஒரே தெருவில் நான்கைந்து வீடுகள் உத்தரவாகியிருந்தால், கல்லையும் மணலையும் சேர்த்து இறக்கினால் வண்டிச் சத்தம் குறையும்.

வீட்டின் அளவைப் பற்றியும் கண்டிப்பாக இருக்க வேண்டும். உறவினர் வந்து, "இவ்வளவு கட்டுகிறாய், இன்னும் ஓர் அறை சேர்த்துக்கொள்ளேன்" என்பார். கடைக்காலை நான்கடி தள்ளித் தோண்டுவது எளிது. அந்த நான்கடிக்குச் சுவரும் கூரையும் வேண்டும், அதற்குத் தவணை கிடையாது. நின்றுபோன சுவர்களை அளந்து பார்த்தால் இது தெரியவரும். பிற்காலத்தில் அறை சேர்க்க ஒரு பக்கத்தில் இடம் விட்டு, இப்பொழுது திட்டப்படியே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனமாகும்.

வேலையைத் தொடங்கும் பருவமும் முன்பணத்தைப் பாதிக்கிறது. ஐப்பசியில் தோண்டிய கடைக்காலில் நீர் நிற்கும், கரை சரியும், கூலி இரட்டிக்கும். தை அறுவடைக்குப் பின் குடியானவர் கையிலும் கூலிக்காரர் கையிலும் சிறிது பணம் புழங்கும், மண்ணும் உலர்ந்திருக்கும். ஆகவே, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளிலேயே உத்தரவு பெற்றவர்களை அழைத்து, யாருக்கு எவ்வளவு குறைகிறது, எந்தக் குழுவில் கேட்பது, கூரை பிரித்தபின் எங்கே தங்குவது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அவ்விதம் செய்தால், தை மாதம் கடைக்கால் தோண்டுவதற்கு இரண்டு மாத அவகாசம் கிடைக்கிறது.