தில்லி வெயிலில் அரை மராத்தான்

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்க வரும் நம்மவர்கள், வியர்வை சொட்டச் சொட்ட அரைக்கால் சட்டையில் நிற்கும் என்னைக் கண்டால் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. "இந்த வயசுல எதுக்கு சார்?" என்பது ஒன்று. அதற்கு என்னிடம் சரியான பதில் கிடையாது. "இந்த வெயில்ல எப்படி சார்?" என்பது மற்றது. அதற்குப் பதில் உண்டு. கறிவேப்பிலைக் கட்டோடு அவசரமாக நிற்பவரிடம் சொல்லி முடிகிற பதில் அல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அரை மராத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். முழு மராத்தானின் 42.195 கிலோமீட்டர் என்ற விசித்திரமான கணக்கு 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் வந்தது. அதில் சரிபாதி இது. தில்லியின் பெரிய அரை மராத்தான் 2005 முதல் நடந்துவருகிறது. பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில்தான் வரும். ஆனால் அக்டோபரில் ஓட வேண்டுமானால் மே, ஜூன், ஜூலையில் பயிற்சி செய்தாக வேண்டும். ஊர்ப்பாசம் உள்ளவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. சென்னையில் ட்ரீம் ரன்னர்ஸ் குழுவினர் ஜூலை மாதத்தில் நடத்தும் அரை மராத்தான் அது. அதில் திரளும் நிதி, கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்த உதவுகிறது. அறுபது தாண்டிய பிறகு நான் ஓடியது அதில்தான்.

முதலில் வெப்பத்தின் கணக்கைப் பார்ப்போம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் 21 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 1,370 கலோரி செலவாகிறது. இதில் முக்கால் பங்கு, அதாவது சுமார் 1,000 கலோரி, வெறும் சூடாகவே உடம்பில் சேருகிறது. அந்தச் சூடு வெளியேற வழியே இல்லாமற் போனால், இரண்டரை மணி நேரத்தில் ஓடுபவருக்கு எட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் வெப்பம் ஏறும். நம்மைக் காப்பாற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரியை எடுத்துக்கொண்டு போகிறது. ஆவியாகும்போது என்பதைக் கவனிக்க வேண்டும். தரையில் சொட்டுகிற வியர்வையால் உப்பு நஷ்டம்தான், குளிர்ச்சி இல்லை.

இதனால்தான் தில்லி வெயிலும் சென்னை வெயிலும் ஒன்றல்ல. மே மாதத்து வறண்ட காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். உடம்பு குளிரும்; எவ்வளவு நீர் போயிற்று என்பது மட்டும் தெரியாது. ஜூலையில் மழைக்காற்று வந்ததும், பனியன் பிழியப் பிழிய நனைந்தும் உடம்பு கொதிக்கும். வெப்பமானி 28 டிகிரி காட்டுகிறதே என்று ஏமாறக் கூடாது. என் அனுபவத்தில் மே மாதத்து 32 டிகிரியைவிட ஜூலையின் 28 டிகிரி கடினமானது. சென்னைக்குப் போகிறவர்களுக்குத் தில்லி ஜூலைதான் நல்ல ஒத்திகை.

தில்லியின் வெப்பநிலை என்று செய்தியில் சொல்வது நமது மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், சப்தர்ஜங்கில் எடுக்கப்படும் அளவு. 2024 மே 29 அன்று அங்கே 46.8 டிகிரி பதிவாயிற்று. ஓடுபவர்களுக்கு அதைவிட முக்கியமான எண் அடுத்த மாதம் வந்தது. ஜூன் 19 அன்று குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 டிகிரி! தோலின் வெப்பமும் கிட்டத்தட்ட அதுதான். அப்படிப்பட்ட நாளில் விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட்டாலும் காற்றால் ஒரு உபகாரமும் இல்லை. குறைந்தபட்சம் 32க்கு மேல் போனால் ஓட்டம் கிடையாது என்பது என் சொந்த விதி. மற்ற நாட்களில் அரவிந்தோ மார்க் வழியாக சப்தர்ஜங் கல்லறையைத் தாண்டி லோதி தோட்டம். அங்கே சுற்றிவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவேன்.

வெயிலுக்கு உடம்பு பழகும். தினம் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடினால் பத்து முதல் பதினான்கு நாட்களில் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது. அதில் உப்பு குறைகிறது. வயதானவர்களுக்கும் இது நடக்கும். ஆனால் நமக்கு வியர்வைச் சுரப்பு குறைவு, தோலுக்கு ரத்தம் பாய்வது குறைவு, தாகம் என்ற உணர்வே மந்தம். பேரன் "தண்ணி வேணும்" என்பான், தாத்தாவுக்குத் தோன்றாது.

மாத்திரைகள் விஷயம் இதைவிடப் பெரியது. ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஓடத் தொடங்குமுன்பே நீரும் உப்பும் குறைவு. பீட்டா பிளாக்கர் நாடித்துடிப்பை ஏறவிடாது. ஆகவே கையில் கட்டிய கடிகாரத்தின் எண்ணை நம்ப முடியாது. முட்டிவலிக்காகப் புரூஃபென் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவது சிறுநீரகத்துக்குக் கேடு. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம், "நடக்கப் போகிறேன்" என்று மழுப்பாமல், "வெயிலில் 21 கிலோமீட்டர் ஓடப் போகிறேன்" என்று சொல்லிக் கேளுங்கள். இ.சி.ஜி.யோடு டி.எம்.டி. பரிசோதனையும் தேவையா என்று அவர் சொல்வார்.

சென்ற ஆண்டு ஜூன் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களோடு ஓடும் அறுபத்தைந்து வயது நண்பர், மார்க்கெட்டை நெருங்கும்போது கோணல்மாணலாக ஓடினார். "என்ன சார், உட்காரலாமா?" என்றால், "ஆபீஸ் பஸ் போயிடுச்சா?" என்கிறார். அவர் ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. இந்தக் குழப்பம்தான் அபாயக் குறி. தசைப்பிடிப்போ களைப்போ வந்தால் நிழலில் உட்கார்ந்தால் போதும். பேச்சு தடுமாறினால் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கக் கூடும், அது வெப்பத்தாக்கு. ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் ஈரலுக்கும் ஆபத்து. மீன்கடைக்காரர் ஒருவர், "ஐயாவைப் படுக்க வைங்க" என்று சொல்லி, மீனுக்கு வைத்திருந்த ஐஸை வாளியோடு கொண்டுவந்து கொட்டினார். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று ஐஸை வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, அட்டைப்பெட்டியால் விசிறினோம். நினைவு தெளியாத நிலையில் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கால் மணி நேரத்தில் மனைவியின் பெயரைச் சரியாகச் சொன்னார். அதன் பிறகே ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனோம். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது என்பதுதான் மருத்துவர்களும் சொல்லும் வரிசை. அவர் மூன்றாம் நாள் வீடு திரும்பினார். அன்று வெறும் வயிற்றில், நீர் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாராம்.

குடிப்பதிலும் அளவு வேண்டும். பாஸ்டன் மராத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2005இல் வெளியான ஆய்வில், 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. மிதமிஞ்சித் தண்ணீர் குடித்ததே முக்கியக் காரணம். எவ்வளவு குடிப்பது என்பதைத் தராசு சொல்லும். ஓடுமுன்பும் பின்பும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை. ஓடிய பிறகு எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ சோடியம். இளநீரோடு உப்பு போட்ட நீர்மோரும் சேரட்டும். அல்லது ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். மார்க்கெட்டில் கிடைக்கும் நேந்திரம்பழம் ஒன்றை முந்தைய இரவு சாப்பிடுவது என் வழக்கம். அதற்கு விஞ்ஞானம் எதுவும் இல்லை, ருசிதான்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல், பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடியவேண்டும் என்பது. சென்னையில் நான் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு நிமிடம் நடந்தேன். தண்ணீர் வைத்திருந்த இடங்களில் பாதியைக் குடித்து, பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். முடிக்க 2 மணி 51 நிமிடம் ஆயிற்று. எடை ஒன்றேகால் கிலோ குறைந்திருந்தது. மாலைக்குள் மோரிலும் ரசத்திலும் திரும்பி வந்துவிட்டது.