பெங்களூரில் செய்வார்கள், குலசையில் பறக்கும்!

குலசேகரன்பட்டினம் என்றதும் முத்தாரம்மன் கோவில் தசராதான் நினைவுக்கு வரும். இனி அந்த ஊருக்கும் பெங்களூருக்கும் இன்னொரு உறவும் ஏற்படப்போகிறது. அதுதான் ராக்கெட் உறவு!

கொட்டகையில் பிறந்தது

இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் "ஆரியபட்டா" பீனியா தொழிற்பேட்டையில், சாதாரணக் கொட்டகைகளில்தான் உருவானது. எடை 360 கிலோ. அதைத் தூக்கிச்செல்ல அன்று நம்மிடம் ராக்கெட் இல்லை. 1975-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி சோவியத் ராக்கெட்டில்தான் அது விண்ணுக்குப் போயிற்று.

இப்போது 500 கிலோ வரை சுமக்கும் சிறிய ராக்கெட்டை "இஸ்ரோ" உருவாக்கி இருக்கிறது. பெயர் எஸ்.எஸ்.எல்.வி. உயரம் 34 மீட்டர்.

பெரிய ராக்கெட் பஸ் போன்றது. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். சிறிய ராக்கெட் ஆட்டோ மாதிரி. கூப்பிட்ட நேரத்தில் வரும். கேட்ட இடத்தில் இறக்கிவிடும்.

முதலில் தோல்வி

2022 ஆகஸ்டு 7-ந் தேதி நடந்த முதல் பயணம் தோல்வி. இரண்டாவது அடுக்கு பிரிந்தபோது எழுந்த அதிர்வில் உணர்கருவிகள் தடுமாறின. செயற்கைக்கோள்கள் வீணாயின. குறையைச் சரிசெய்தார்கள். 2023 பிப்ரவரியிலும், 2024 ஆகஸ்டிலும் வெற்றி கிடைத்தது.

இந்த ராக்கெட்டைத் தயாரிக்கும் உரிமையை 2025 ஜூனில் பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனம் 511 கோடி ரூபாய்க்குக் கேட்டு, போட்டியில் வென்றது. செப்டம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 24 மாதங்களில் தொழில்நுட்பத்தை "இஸ்ரோ" கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

குலசை ஏன்?

ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போகவேண்டும். எரிபொருள் வீண். சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசைக்குத் தெற்கே வெறும் கடல்தான். அங்கு ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரி 28-ந் தேதி பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார்.

போட்டி கடுமை

ஐதராபாத் "ஸ்கைரூட்" 2022-லும், சென்னை "அக்னிகுல்" 2024-லும் சோதனை ராக்கெட்டுகளைப் பறக்கவிட்டன. அமெரிக்க "ஸ்பேஸ் எக்ஸ்" 2021-ல் ஒரே ராக்கெட்டில் 143 செயற்கைக்கோள்களை ஏற்றிச்சென்றது. அந்தக் கட்டணத்தோடு போட்டி போடுவது எளிதல்ல.

ராக்கெட் செய்தால் மட்டும் போதாது, ஆர்டர் வரவேண்டும். வந்தால் எச்.ஏ.எல். தொழிலாளிக்கு மட்டும் அல்ல, உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறைக்காரருக்கும் வேலை உண்டு. லேத் ஓட்டும் அப்பாவின் பையன், ராக்கெட்டுக்கு உதிரிபாகம் கடையும் காலம் வருமா? ஆர்டர்தான் பதில் சொல்லவேண்டும்.