78 நாள் போனஸ், 17,951 ரூபாயில் நிற்பது ஏன்?

புது தில்லி: ரயில்வே ஊழியர்களுக்கு 78 நாள் ஊதியத்தை உற்பத்தித் திறன் சார்ந்த போனஸாக வழங்க 2025 செப்டம்பர் 24-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுமார் 10.91 லட்சம் பேருக்கு ரூ. 1,865.68 கோடி. 78 நாள் என்றதும் இரண்டரை மாதச் சம்பளம் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், ஊழியர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தொகை ரூ. 17,951. ஏழாவது ஊதியக் குழு நிர்ணயித்த குறைந்தபட்ச அடிப்படை ஊதியமோ மாதத்துக்கு ரூ. 18,000.

நாள் கணக்கில் பிழையில்லை. 'ஊதியம்' என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள பொருளில்தான் சூட்சுமம் இருக்கிறது. உண்மையான சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், போனஸ் கணக்குக்கு அது மாதம் ரூ. 7,000 என்றே கொள்ளப்படுகிறது. ரூ. 18,000-ஐ அடிப்படையாகக் கொண்டால் அதே 78 நாளுக்கு ரூ. 46,159 கிடைக்கும்.

இந்த ரூ. 7,000 வரம்பு, 1965-ஆம் ஆண்டின் போனஸ் பட்டுவாடாச் சட்டத்திலிருந்து வந்தது. ரயில்வே நேரடியாக அச்சட்டத்துக்கு உட்பட்டதில்லை. எனினும் அதன் கணக்கீட்டு வரம்பையே அரசு பின்பற்றி வந்துள்ளது.

போனஸ் என்பது முதலாளியின் கருணைத்தொகை அல்ல, லாபத்தில் தொழிலாளிக்கு உள்ள பங்கு என்ற கருத்து நீண்ட போராட்டத்தால் நிலைபெற்றது. 1961-இல் அமைக்கப்பட்ட மெஹர் கமிஷனின் பரிந்துரைகளைத் தொடர்ந்து வந்ததே 1965 சட்டம். குறைந்தபட்ச போனஸ் நெருக்கடி நிலைக் காலத்தில் 4 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும், 1977-இல் ஜனதா ஆட்சியில் மீண்டும் 8.33 சதவீதமானதும் அரசியல் வரலாறு. உச்ச அளவு 20 சதவீதம்.

சதவீதத்துக்காக நடந்த போராட்டங்கள் பேசப்பட்ட அளவுக்கு உச்சவரம்புகள் பேசப்படவில்லை. 2015 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, மாதம் ரூ. 21,000 வரை பெறுவோர் போனஸுக்குத் தகுதி பெற்றனர். கணக்கீட்டுக்கோ ரூ. 7,000 அல்லது குறைந்தபட்சக் கூலி, இவற்றில் எது அதிகமோ அது. ரூ. 7,000 என்ற அடிப்படையில், ரூ. 21,000 பெறும் தொழிலாளிக்கு 8.33 சதவீதம் என்பது ஆண்டுக்குச் சுமார் ரூ. 7,000 மட்டுமே. அவரது சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது 3 சதவீதத்தைக்கூட எட்டாது.

2025 நவம்பர் 21-இல் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 நடைமுறைக்கு வந்து, பழைய போனஸ் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. 8.33 சதவீதமும் 20 சதவீதமும் தொடர்கின்றன. ஊதியத்தின் இலக்கணம் மாறியுள்ளது. வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும். மொத்தம் ரூ. 30,000, அதில் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் ரூ. 9,000 என்றால், இனி அவரது ஊதியம் ரூ. 15,000. அடிப்படை ஊதியத்தைக் குறைத்து, படிகளைப் பெருக்கி ஒப்பந்தம் எழுதும் வழக்கத்துக்கு இது கடிவாளம்.

அதே விதி மறுபுறமும் வெட்டக்கூடும். ஊதியம் ஏட்டளவில் உயரும்போது தகுதி வரம்பும் உயராவிட்டால், கையில் ஒரு ரூபாய்கூடக் கூடாமலே சிலர் போனஸ் உரிமையை இழக்க நேரிடும்.

அந்த வரம்பை நிர்ணயிக்கும் அதிகாரம் இப்போது வேறு கைக்கு மாறியுள்ளது. பழைய சட்டத்தில் இரு தொகைகளும் சட்டப் பிரிவுகளிலேயே இருந்தன; மாற்ற வேண்டுமானால் மசோதா கொண்டுவந்து, அவையில் விவாதித்தாக வேண்டும். புதிய தொகுப்பின்படி உரிய அரசின் அறிவிக்கையே போதும். விலைவாசிக்கேற்ப விரைந்து உயர்த்த இது வசதி என்பது ஒரு வாதம். உயர்த்தாமலே காலம் கடத்தினாலும் அவையில் பதில் சொல்லும் கட்டாயம் எழாது என்பது எதிர்வாதம்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் எத்தனை சதவீதம், எத்தனை நாள் என்றே தொழிற்சங்கங்கள் பேரம் பேசுகின்றன. எந்தத் தொகையின் மீது என்ற கேள்விக்கான விடைதான் தொழிலாளியின் கைக்கு வருவதைத் தீர்மானிக்கிறது. அந்தக் கேள்வியை எழுப்பும் பொறுப்பு தொழிற்சங்கங்களோடு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உண்டு.