டிவிக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்றிருந்த காலம்

வீடியோ கேம் கருவிகள் அன்று இரண்டு தனிச் சாதிகள். நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் இறக்கிய ஃபேமிகாம், டிவி இருக்கும் இடத்தை விட்டு நகராது. வீட்டில் யாராவது செய்தி பார்க்க உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் அதோடு சரி. 1989-ல் வந்த கேம் பாய் பைக்குள் போய்விடும். நான்கு பென்சில் பேட்டரி, 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட பச்சை சாயல் திரை. திரைக்கு விளக்கு இல்லாததால், ஜன்னலோரம் தேடித்தான் விளையாட வேண்டும். ஒன்றின் கார்ட்ரிட்ஜ் மற்றதில் நுழையாது.

இரண்டையும் இணைக்க அப்போதே முயன்றார்கள். 1994-ன் சூப்பர் கேம் பாய், கையடக்க ஆட்டத்தை டிவிக்குக் கொண்டுவந்தது. 1995-ல் சேகாவின் நோமாட், டிவி ஆட்டத்தைக் கைக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஆறு பேட்டரிகளையும் மளமளவென்று குடித்துத் தீர்த்தது.

சிப்பின் மின்பசி குறைந்த பிறகே கதை மாறியது. 2017 மார்ச் 3-ல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் வந்தது. 6.2 அங்குலத் திரையில் செல்டா ஆட்டத்தை ஆடிக்கொண்டே வந்து, கருவியை டாக் என்னும் தாங்கியில் செருகினால் கைத்திரை அணைந்து, விட்ட இடத்திலிருந்தே ஆட்டம் டிவியில் தொடரும். தலைமுறை தலைமுறையாகக் கையடக்கக் கருவிகளிலேயே வெளிவந்த போகிமான் வரிசையின் புதிய தலைமுறையும் 2019-ல் ஸ்வார்ட், ஷீல்ட் வழியாகப் பெரிய திரைக்கு வந்தது. டிவிக்கான வீ யூ-வுக்கும் கைக்கான 3டிஎஸ்-க்கும் தனித்தனியாக உழைத்த நிண்டெண்டோவின் ஆட்டங்கள் எல்லாம் ஒரே கருவிக்கு வந்து சேர்ந்தன.

அப்படியானால் இது எந்த வகை? எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய வீட்டு கன்சோல் என்றுதான் நிண்டெண்டோ அறிமுகப்படுத்தியது. ஆனால் பிரித்துப் பார்த்தால் வேறு பதில் கிடைக்கிறது. ஆட்டத்தை இயக்கும் சிப், திரை, பேட்டரி எல்லாமே கையில் இருக்கும் பகுதிக்குள். டாக் மின்சாரம் கொடுக்கிறது, படத்தை டிவிக்கு அனுப்புகிறது. ஆட்டத்தை இயக்கும் வேலை அதற்கு இல்லை. 2019-ல் டிவியோடு இணையாத ஸ்விட்ச் லைட் விற்பனைக்கு வந்தது. திரையில்லாமல் டிவிக்கு மட்டுமான ஸ்விட்ச் இதுவரை வரவேயில்லை. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-விலும் திரை 7.9 அங்குலமாக வளர்ந்ததே தவிர, கருவியை விட்டுப் போகவில்லை.

டிவியை எடுத்துவிட்டாலும் ஸ்விட்ச் முழுமையாக நிற்கும். திரையை எடுத்துவிட்டால் அது ஸ்விட்ச்சே இல்லை. ஆகவே இது டிவியிலும் ஆடத் தெரிந்த கையடக்கக் கருவிதான்.