கோழி ஷெட் ஃபேனைக் கழற்றுமுன்

பல்லடம் பக்கம் ஒப்பந்தமுறையில் கறிக்கோழி வளர்த்தவர்களில் சிலர் அதை விட்டுவிட்டு, அதே கொட்டகையில் நாட்டுக்கோழி, ஆடு என்று மாறுகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் மூடிய ‘ஈ.சி. ஷெட்’ என்றால் அதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது. ஒரு கோடியில் வரிசையாக 50 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன்கள், எதிர்க்கோடியில் கூலிங் பேட், சுவரில் கன்ட்ரோல் பெட்டி. இத்தனையையும் இறக்கியாகணும். பழைய இரும்புக்காரரிடம் “நீங்களே கழட்டிக்கங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அங்கேதான் ஆபத்து.

முதலில் கரண்ட். மெயினை இறக்கியாச்சு, இனி பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூடிய ஷெட்டில் ஃபேன் நின்றால் கொஞ்ச நேரத்திலேயே கோழி மூச்சுமுட்டிச் சாகும் என்பதால், கரண்ட் போனதும் ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகிற மாதிரி வைத்திருப்பார்கள். நாம் மெயினை இறக்கினால் அதற்கு ‘கரண்ட் போச்சு’ என்றுதான் தெரியும். சில நொடிகளில் ஓடத் தொடங்கிவிடும். ஃபேனுக்குள் கைவைத்திருப்பவரின் கதி? அதனால் ஜெனரேட்டரை ‘ஆஃப்’ நிலைக்குத் திருப்பி, பேட்டரி வயரையும் கழற்றுங்கள். பிறகு எலக்ட்ரீஷியனை வைத்து ஃபேன் முனையில் டெஸ்டர் பிடித்துப் பார்க்க வேண்டும். சிங்கிள் ஃபேஸ் சின்ன ஃபேனில் கெபாசிட்டர் இருக்கும். கரண்ட் இல்லாவிட்டாலும் அது அடிக்கும்; அதை அவரே இறக்கட்டும்.

கரண்ட் இல்லை என்று உறுதியான பிறகு, படிந்திருக்கும் எருத்தூசி மேல் கைத்தெளிப்பானால் தண்ணீர் அடியுங்கள். காய்ந்த கோழி எருவும் பூஞ்சணமும் நுரையீரலுக்கு ஆகாது. தலையில் கட்டிய துண்டை மூக்கில் சுற்றினால் போதாது, என்95 முகக்கவசம் வேண்டும். காற்றடித்தாலே இறக்கை சுற்றும், கயிறு போட்டுக் கட்டுங்கள். பெல்ட்டையும் மோட்டாரையும் முதலில் எடுத்துவிட்டால் பாரம் குறையும். முழு ஃபேன் முக்கால் குவிண்டால் வரும். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டுவையுங்கள். கேஸ் கட்டர் மட்டும் வேண்டாம். சட்டம் துத்தநாகம் பூசிய தகடு. அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

மோட்டார் எல்லாம் கழிவு அல்ல. பேரிங் மாற்றினால் சோளத்தட்டு வெட்டும் மெஷினுக்கு ஆகும்.

இனி கூலிங் பேட். பார்த்தால் வெறும் அட்டை. நம்மாட்களுக்கு அட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. மூடாக்குப் போடலாம், கம்போஸ்ட் குழியில் தள்ளலாம் என்று தோன்றும். கூடாது. தண்ணீரில் ஊறியும் கரையாமல் இருக்க அந்தக் காகிதத்தில் ரெசின் ஏற்றியிருக்கிறார்கள். வருஷக்கணக்கில் போர் தண்ணீரின் உப்பு வேறு வெள்ளையாய்ப் படிந்திருக்கும். ஷெட்டுக்குப் பார்மலின் அடித்திருந்தால் அதுவும் பட்டிருக்கும். எரித்தால் புகை கெடுதல். நல்லதாக இருந்தால் வேறு பண்ணைக்குக் கொடுங்கள். இற்றுப்போனதை உள்ளாட்சிக் குப்பை வண்டியில் தனியாகக் கட்டிக் கொடுப்பதுதான் வழி. மண்ணுக்கு மட்டும் வேண்டாம்.

வயர் விஷயத்தில் இரும்புக்காரர் ஆசை காட்டுவார். “எரிச்சுக் குடுத்தீங்கன்னா கிலோவுக்குக் கூடப் போட்டுத் தர்றேனுங்க” என்பார். பிவிசி எரிந்தால் டையாக்ஸின் உண்டாகும். அது சாம்பலோடு மண்ணில் கிடக்கும். கிளறித் தின்கிற நாட்டுக்கோழியின் கொழுப்பிலும் முட்டையிலும் சேரும். இயற்கை முட்டை என்று விற்க வந்தவர் வாசலிலேயே அதை எரிக்கலாமா? வயரை அப்படியே, தோலோடு கொடுங்கள். நாலு காசு குறையட்டும்.

கன்ட்ரோல் பெட்டி, தெர்மோஸ்டாட் எல்லாம் மின்னணுக் கழிவு. 2022-ஆம் ஆண்டின் விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் இவை போகவேண்டும்.

வங்கியில் இருந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கடனில் வாங்கிய கருவிகள் கடன் தீரும்வரை வங்கிக்கு ஈடு. ‘நிலுவை இல்லை’ என்ற சான்றிதழை வாங்கிவிட்டு எடைபோடக் கூப்பிடுங்கள்.